வீடு விடுகிற கடிதமும் தோசை மாவும்

ஒக்டோபர் பிறந்துவிட்டால் ஜேர்மனியின் ஹம் நகரில் தோசை மா தன்பாட்டில் புளிக்காது. உழுந்தைக் குறை சொல்லிப் பயனில்லை. யாழ்ப்பாணத்தில் இரவு கரைத்து மூடிய மா விடியும்போது சட்டியை விட்டு வழிந்து நிற்கும். இங்கே அது பள்ளிக்கூடத்துக்கு எழும்ப மறுக்கிற பிள்ளை மாதிரி அப்படியே கிடக்கும். அதனால் ஒவ்வொரு குசினியிலும் ஓர் உபாயம் இருக்கிறது. சிலர் அவணுக்குள் விளக்கை மட்டும் போட்டுச் சட்டியை உள்ளே வைப்பார்கள். சிலர் ஹைற்சுங் என்ற அறைச் சூடாக்கியின் மேல் துவாயை மடித்துப் போட்டு அதன்மேல் வைப்பார்கள். எப்படி வைத்தாலும் மாவுக்கு வேண்டிய நேரத்தை மா எடுத்துக்கொள்ளும். அதைக் கெஞ்சியோ அவசரப்படுத்தியோ ஆகப்போவது ஒன்றுமில்லை.

வாடகை வீடு விடுகிற கதையை இந்தச் சட்டியை வைத்தே சொல்லிவிடலாம்.

ஹம்மின் ஊன்ட்ரொப்பில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலின் சாப்பாட்டு வரிசையில் நின்றால் இப்படியொரு பேச்சு காதில் விழும்: "அண்ணை, நான் வீட்டுக்காரரிட்டச் சொல்லிட்டன். மனுசன் ஓமெண்டு தலையாட்டினது. இனிப் பிரச்சினை இல்லைத்தானே?"

பிரச்சினை இருக்கிறது. சொன்னது வேறு, கொடுத்தது வேறு. ஊரில் வீட்டுக்காரரின் விறாந்தையில் தேத்தண்ணி குடித்தபடி "அடுத்த மாசம் எழும்புறம்" என்று சொன்னால் காரியம் முடிந்தது. ஜேர்மனியில் அந்தத் தலையாட்டலுக்கு மரியாதை உண்டு, சட்டத்தில் எடை இல்லை. எடையுள்ளது, வீட்டை விடுகிறேன் என்று அறிவிக்கும் ஒரு தாள். அந்தத் தாளுக்கு ஜேர்மன் மொழியில் உள்ள பெயரைத் தமிழில் எழுதுவதே சங்கடம். ஊவுக்கும் ஈக்கும் நடுவே வரும் அந்த ஒலிக்கு நம்மிடம் எழுத்தில்லை. கொஞ்சம் பிசகினால் சின்னப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் கியூண்டிகுங் என்றே எழுதுகிறேன்.

ஒரு பெடியனை எடுத்துக்கொள்வோம். ஹம்-லிப்ஸ்டாட் உயர்கல்லூரியில் படிப்பை முடித்தவன், ஹம்மின் ஹேஸன் பகுதியில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறான், ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைத்துவிட்டது. 2027 ஜனவரியில் தொடக்கம். வீட்டை 2026 டிசம்பருடன் விடவேண்டும்.

அவன் முதலில் பார்க்கவேண்டியது, ஊறப்போட்டிருப்பது என்ன என்பதை. முடிவுத் தேதி இல்லாத சாதாரண ஒப்பந்தம் என்றால் அது தோசை மா. எப்போது வேண்டுமானாலும் கரைக்கலாம். சில ஒப்பந்தங்கள் ஊறுகாய்ப் பரணி மாதிரி. இத்தனை காலத்துக்கு மூடியைத் திறக்கமாட்டேன் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு துணி கட்டிவிட்டவை. கியூண்டிகுங்ஸ்ஃபெர்ட்சிக்ட் என்ற தலைப்பில் ஒரு பத்தி இருந்தால் அது பரணி. வீட்டுக்காரர் அச்சடித்துத் தரும் ஒப்பந்தத்தில் இந்தக் கட்டு நான்கு வருடத்தைத் தாண்டக்கூடாது என்பது உச்ச நீதிமன்றமான பூண்டஸ்கெரிஷ்ட்ஸ்ஹோஃபின் நிலைப்பாடு. மாணவர் அறை ஒன்றுக்குப் போடப்பட்ட இரண்டு வருடக் கட்டையே அது 2009இல் செல்லாது என்றது. படிக்கிற பிள்ளை இடம் மாறவேண்டி வரலாம் என்பதைக் கணக்கில் எடுத்தார்கள். தேதி போட்ட தவணை ஒப்பந்தம் இன்னொரு வகை. அதற்கு வீட்டுக்காரர் ஏன் தவணை வைக்கிறார் என்ற காரணத்தை எழுத்தில் தந்திருக்க வேண்டும். சொந்தமாகக் குடியேறப்போகிறார், இடித்துக் கட்டப்போகிறார் என்பது போன்ற, சட்டம் ஏற்கும் காரணம். அது இல்லாவிட்டால் தவணை உதிர்ந்து, ஒப்பந்தம் சாதாரண மாவாகிவிடும்.

நம் பெடியனுடையது சாதாரண மா. இனிக் கரைக்கலாம்.

மாவைக் கரண்டியால் கலக்காதே, கையால் கரை என்று அம்மாமார் சொல்வதை நான் நெடுநாள் மூடநம்பிக்கை என்றே நினைத்திருந்தேன். கையின் சூடும் கையில் உள்ள நுண்ணுயிர்களும் புளிப்புக்கு உதவக்கூடும் என்று பிறகு வாசித்தபோது மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். கியூண்டிகுங்குக்கும் கை வேண்டும். குடியியல் சட்டக்கோவையின் 568ஆம் பிரிவு, குடியிருப்பு வாடகையை முடிக்கும் அறிவித்தல் எழுத்து வடிவில் இருக்கவேண்டும் என்கிறது. எழுத்து வடிவம் என்றால் என்ன என்பதை 126ஆம் பிரிவு சொல்கிறது: தாளில், பேனையால் இட்ட கையொப்பம். மின்னஞ்சல் கரண்டி. வாட்ஸ்அப் கரண்டி. கையொப்பமிட்ட தாளைப் படம் பிடித்து அனுப்புவதும், தொலைநகலில் அனுப்புவதும் கரண்டிதான். தகுதிபெற்ற மின்கையொப்பம் என்று ஒன்றைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது, ஆனால் அதை வைத்திருக்கிற குடும்பங்கள் எத்தனை? வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் பெருவிரலை உயர்த்திக் காட்டினாலும் மா புளிக்கத் தொடங்கவில்லை. நல்ல மனிதராக இருந்தால் பிறகு அதைச் சொல்லிப் பிடிக்கமாட்டார். நல்ல மனிதர் வீட்டை விற்றுவிட்டு, புது வீட்டுக்காரர் வந்தால்?

ஒப்பந்தத்தில் எத்தனை பேர் கையொப்பமோ அத்தனை பேரும் இந்தத் தாளிலும் இடவேண்டும். புருசனும் பெண்சாதியும் சேர்ந்து எடுத்த வீட்டை ஒருவர் மட்டும் விடமுடியாது. பிரிந்துபோன தம்பதிகள் இதில் படுகிற பாடு தனிக் கதை; வீட்டை விட்டு எப்போதோ போனவரும் வாடகைக்குப் பொறுப்பாளியாகவே இருப்பார். அந்தப் பக்கத்திலும் அப்படித்தான், வீட்டுக்காரர்கள் இருவர் என்றால் கடிதம் இருவர் பெயருக்கும் போகவேண்டும்.

உள்ளே என்ன எழுதுவது? அதிகம் வேண்டாம். எந்த முகவரியில், எந்த மாடியில் உள்ள வீடு. ஒப்பந்தத்தை 2026 டிசம்பர் 31உடன் முடிக்கிறேன். அது இயலாதெனில் சட்டப்படி அடுத்து வரக்கூடிய முதல் தேதியுடன் முடிக்கிறேன். அந்தக் கடைசி வால் முக்கியம். தேதியைப் பிழையாக எண்ணியிருந்தாலும் கடிதம் வீணாகாமல் அடுத்த தேதியைப் பிடித்துக்கொள்ளும். காரணம் எழுதவேண்டியதில்லை. நம் ஆட்கள் காரணம் எழுதாமல் விடுவது மரியாதைக் குறைவு என்று ஒரு பக்கம் எழுதுவார்கள். எழுதினால் குற்றமில்லை, ஆனால் "தயவுசெய்து அனுமதி தரும்படி வேண்டுகிறேன்" என்று மட்டும் எழுதிவிடக்கூடாது. கியூண்டிகுங் விண்ணப்பம் இல்லை. அதற்கு வீட்டுக்காரரின் சம்மதம் தேவையில்லை, அவர் கோபித்தாலும் அது நிற்கும். வேண்டுகோளாக எழுதினால், அது ஒப்பந்தத்தை முடிக்கும் அறிவித்தலா வெறும் விருப்பமா என்ற கேள்வி எழும். "பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து ஒரு வரி அனுப்புங்கள்" என்று கேட்கலாம். அனுப்பாவிட்டாலும் சரிதான்.

இப்போது நேரத்துக்கு வருவோம். ஆட்கள் காசை இழப்பது இங்கேதான்.

பெரிய மடப்பள்ளி ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அங்கே அடுப்பு மாதத்துக்கு ஒருமுறைதான் மூட்டப்படுகிறது. மாதத்தின் மூன்றாவது வேலைநாளுக்குள் வந்துசேர்ந்த சட்டிகள் அந்தத் தடவை அடுப்பில் ஏறும். நாலாம் நாள் வருகிற சட்டி, வாசலில் ஒரு மாதம் இருக்கும். சட்டக்கோவையின் 573-சி பிரிவு சொல்வது இதைத்தான்: மூன்றாவது வேலைநாளுக்குள் அறிவித்தல் கிடைத்தால், அந்த மாதத்தையும் சேர்த்து மூன்றாவது மாதத்தின் கடைசி நாளில் வாடகை முடியும். "மூன்று மாத நோட்டீஸ்" என்று நாம் சொல்வது சரியான கணக்கல்ல; நேரத்துக்குக் கொடுத்தால் மூன்று மாதத்துக்கு ஓரிரு நாள் குறைவு, ஒரு நாள் பிந்தினால் நாலு மாதத்துக்குக் கிட்ட.

நம் பெடியனின் ஒக்டோபரை எண்ணுவோம். 2026 ஒக்டோபர் முதலாம் தேதி வியாழன், அது ஒன்று. வெள்ளி இரண்டு. மூன்றாம் தேதி சனி. சனிக்கிழமையும் இந்தக் கணக்கில் வேலைநாளாக எண்ணப்படும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒக்டோபர் மூன்று ஜேர்மன் ஒன்றிணைப்பு நாள், விடுமுறை. ஞாயிறும் போகட்டும். ஆக மூன்றாவது வேலைநாள் திங்கள், ஐந்தாம் தேதி. ஐந்தாம் தேதி தபால்பெட்டியில் விழுந்தால் டிசம்பர் 31உடன் விடுதலை. ஆறாம் தேதி விழுந்தால் 2027 ஜனவரி 31. ஒரு நாள் பிந்தியதற்கு ஒரு மாத வாடகை. ஸ்டுட்கார்ட்டில் ஒரு வாடகை, ஹேஸனில் ஒரு வாடகை என்று ஜனவரி முழுவதும் இரண்டு அடுப்பு எரியும்.

எதை வைத்து எண்ணுகிறார்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். கடிதத்தில் போட்ட தேதி கணக்கில்லை. தபாலில் சேர்த்த தேதியும் கணக்கில்லை. வீட்டுக்காரரின் கைக்கு எட்டும் இடத்தில் அது போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு. அரிசி வாங்கிய நாளிலிருந்து யாரும் புளிப்பு நேரத்தை எண்ணுவதில்லையே. 2025இலிருந்து நடைமுறையில் உள்ள தபால் விதியின்படி, கடிதங்களில் 95 சதவீதம் மூன்றாவது வேலைநாளில் சேர்ந்தால் போதும்; முன்போல மறுநாளே வரும் என்று நம்பமுடியாது.

பதிவுத் தபாலில் அனுப்பினால் பாதுகாப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தப் பதிவுத் தபால்? கையொப்பம் வாங்கி, திரும்பு அட்டை வருகிற வகை பார்க்கக் கம்பீரமானது. ஆனால் தபால்காரர் வரும்போது வீட்டுக்காரர் இல்லையென்றால் ஒரு துண்டை விட்டுவிட்டுப் போவார், கடிதம் தபால் நிலையத்தில் கிடக்கும். அவர் போய் எடுக்கும்வரை பெரும்பாலும் அது சேர்ந்ததாக ஆகாது. எடுக்காமலே விட்டால் திரும்பி வரும். பெட்டியில் போட்டுப் பதிவுசெய்கிற மலிவான வகை இதற்கு மேல். அதற்கும் மேலானது நம் ஊர் முறை, ஆளை அனுப்புவது. நம்பகமான ஒருவர் கடிதத்தை வாசித்து, அது உறைக்குள் போவதைக் கண்டு, கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டு, தேதியும் நேரமும் குறித்து வைத்தால் அவர் சாட்சி. கடிதத்தில் கையொப்பமிட்டவராக அவர் இருக்கக்கூடாது. வழக்கு வந்தால் கட்சிக்காரர் தன் பக்கத்துக்குச் சாட்சியாக நிற்க முடியாது. காலையிலேயே போடவேண்டும். பின்னேரம் ஏழு மணிக்குப் போட்டால், பெட்டி திறக்கும் நேரம் போய்விட்டது, மறுநாள்தான் சேர்ந்தது என்று வாதம் வரும். வீட்டுக்காரர் ஹம்மின் எச்.ஜி.பி. போன்ற பெரிய நிறுவனம் என்றால் நேரே அலுவலகத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கலாம்.

முன்பு நிலைமை இதைவிடக் கடினம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த நம் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். அன்று ஒரு வீட்டில் எத்தனை வருடம் இருந்தீர்களோ அதற்கேற்ப அறிவித்தல் காலமும் நீண்டது. பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர் பன்னிரண்டு மாதம் முன்னே சொல்லவேண்டும். 2001 செப்டெம்பர் முதலாம் தேதி வந்த வாடகைச் சட்டத் திருத்தம் இதைச் சமனில்லாமல் ஆக்கியது, அதுவும் வேண்டுமென்றே. குடியிருப்பவருக்கு எப்போதும் மூன்று மாதம். வீட்டுக்காரர் எழுப்ப விரும்பினால், ஐந்து வருடத்தின் பின் ஆறு மாதம், எட்டு வருடத்தின் பின் ஒன்பது மாதம், அதோடு சட்டம் ஏற்கும் காரணமும் வேண்டும். "அவருக்கு ஒன்பது மாதம் என்றால் எனக்கும் ஒன்பது மாதம்தானே" என்று இன்றும் பயந்துகொண்டிருப்பவர்கள் உண்டு. இல்லை.

சரி, பெடியன் ஐந்தாம் தேதியைத் தவறவிட்டான். இரவு எட்டு மணிக்கு விருந்தாளி வருகிறார், மா இல்லை. ஒவ்வொரு குசினியும் கண்ட நிலைமைதான்.

பக்கத்து வீட்டில் ஒரு சட்டி மா கேட்கலாம். சட்டத்தில் இதற்கு ஆவ்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக் என்று பெயர்: இரு தரப்பும் பேசி, டிசம்பருடனே முடித்துக்கொள்வோம் என்று எழுதிக் கையொப்பமிடுவது. அந்த நேரத்தில் கெடுவும் இல்லை, மூன்று மாதமும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தந்தால்தான் உண்டு, உரிமையாகக் கேட்கமுடியாது. தேத்தண்ணியும் தலையாட்டலும் உண்மையில் உதவுகிற இடம் இதுதான். கதவைத் தட்டும்போது வெறுங்கையோடு போகாமல், வீட்டை எடுக்க ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் பேச்சு சுலபமாகும்.

இந்த ஆளைப் பற்றித்தான் ஜேர்மனி முழுவதும் ஒரு கட்டுக்கதை உலாவுகிறது. மூன்று பேரைக் கொண்டுவந்து நிறுத்தினால் வீட்டுக்காரர் ஒருவரை ஏற்றே ஆகவேண்டும், நீ மறுநாளே போகலாம் என்பது. அப்படியொரு சட்டம் கிடையாது. அடுத்த குடியிருப்பாளரை நிறுத்தி விலகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் உண்டு. எழுதாவிட்டால், நீண்ட கட்டுள்ள பரணி ஒப்பந்தங்களில் மட்டும், அதுவும் அபூர்வமாக. இந்த விஷயத்தில் ஹம்முக்கே ஒரு பங்கு இருக்கிறது. இங்குள்ள ஓபர்லாண்டஸ்கெரிஷ்ட், அதாவது மாநில மேல்நீதிமன்றம், 1995இல் தந்த தீர்மானம் ஒன்றைச் சட்ட உரைகள் சுட்டுகின்றன: விலகுவதில் குடியிருப்பவருக்குள்ள நியாயமான தேவை, ஒப்பந்தம் தொடர்வதில் வீட்டுக்காரருக்குள்ள தேவையை மிகத் தெளிவாக மிஞ்சவேண்டும். மூன்று மாதத்தில் எப்படியும் விடக்கூடிய பெடியனுக்கு இது பொருந்தாது. அந்த நீதிமன்றம் அதன் வகையில் ஜேர்மனியிலேயே பெரியது என்று ஹம் ஆட்கள் பெருமைப்படுவார்கள். ஆனால் இன்று வீட்டு வாடகை வழக்கு அதன் படியில் ஏறுவதில்லை. ஹம் ஆம்ட்ஸ்கெரிஷ்ட் என்ற கீழ்நிலை நீதிமன்றத்தில் தொடங்கி, மேன்முறையீட்டுக்கு டோர்ட்முண்டுக்குப் போய்விடும்.

உடனடி ரவைத் தோசைகளும் சில உண்டு. வாடகையை உயர்த்தக் கேட்டுக் கடிதம் வந்தால், அது கிடைத்த மாதத்துக்குப் பிறகு வரும் இரண்டாவது மாதம் முடியும்வரை, பரணியைக்கூடத் திறக்கும் தனி உரிமை கிடைக்கும். அதைப் பயன்படுத்தி விலகினால் உயர்வும் நடைமுறைக்கு வராது. ஆள் மாற்றி வாடகைக்கு விட அனுமதி கேட்டு, வருகிறவரிடம் குறையொன்றும் இல்லாமலே வீட்டுக்காரர் மறுத்தாலும் அப்படி ஒரு உரிமை பிறக்கும். வீட்டில் இருந்தவர் இறந்துபோய், கூட இருந்து தொடர யாரும் இல்லையென்றால், வாரிசுகளுக்கு ஒரு மாத அவகாசத்தில் அறிவிக்கும் உரிமை உண்டு. முதல் தலைமுறை வயதாகிவருகிற நம் சமூகத்தில் இதைத் தெரிந்துவைப்பது நல்லது. சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்து உடம்புக்குக் கேடு என்ற நிலையில் நாள் குறிக்காமலே விலகலாம், ஆனால் பெரும்பாலும் முதலில் எழுத்தில் முறையிட்டு, திருத்த அவகாசம் கொடுத்திருக்கவேண்டும். பூஞ்சணம் யாரால் வந்தது என்ற வழக்குகளில் குளிர்காலத்தில் ஜன்னல் திறக்காமல் சோறு வடித்தவர் தோற்றுப்போவதும் உண்டு. இந்த வழிக்கு இறங்குமுன் மீட்டர்ஃபெராய்ன் என்ற குடியிருப்பாளர் சங்கம் ஒன்றில் சேர்ந்து ஆலோசனை கேட்பது புத்தி.

புளிக்கிற மூன்று மாதமும் வாடகை கட்டவேண்டும். கடைசி மாதங்களை வைப்புப் பணத்தில் கழித்துக்கொள்ளுங்கோ என்று ஊரிலும் சென்னையிலும் சொல்வது வழக்கம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகியதால் அந்தக் கணக்கு அங்கே ஓடுகிறது. இங்கே ஓடாது. கௌட்சியோன், கூடியது மூன்று மாத வெறும் வாடகை, வீடு திரும்பிக் கொடுத்த பிறகுதான் பேசப்படும். அதைத் திருப்பிக் கொடுக்க இத்தனை நாள் என்று சட்டத்தில் எழுதவில்லை, மூன்று முதல் ஆறு மாதம் வரை இழுபடும். தண்ணீர், சூடாக்கல் செலவுக் கணக்கு வரும்வரை ஒரு பங்கை வைத்தும் கொள்ளலாம். அதற்கிடையில் வீட்டுக்காரர் முன்கூட்டியே இன்னொருவரைக் குடியேற்றிவிட்டால், அந்த நாளிலிருந்து நீங்கள் வாடகை கட்டவேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுச் சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது, ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடு என்பார்கள் நம் வீடுகளில். ஜேர்மன்காரர் எதிர்பார்ப்பது வெறுமையான சட்டி. பேசன்ரைன், தும்புத்தடியால் கூட்டிய சுத்தம், அவ்வளவுதான். ஓட்டைகளை அடைத்து, எல்லா அறைக்கும் வெள்ளையடித்துக் கொடுக்கவேண்டுமென்று ஒப்பந்தத்தில் இருக்கும். வெள்ளையடிக்காத வீட்டை ஈடு எதுவும் தராமல் கொடுத்தவர் அப்படிக் கேட்கமுடியாது என்று 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. தாளிதப் புகையில் அடுப்புக்கு மேல் சுவர் மங்கியது சாதாரணப் பாவனை. ஆனால் சாமி அறைக்கு அடித்த மஞ்சளை அப்படியே விட்டுப்போவது வேறு. வெள்ளையாகப் பெற்ற வீட்டைச் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் திருப்பிக் கொடுத்தவர் ஈடு கட்டவேண்டும் என்று 2013இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது.

கடைசி நாள் வீட்டுக்காரரோடு அறை அறையாக நடந்து, கையளிப்புப் பத்திரம் எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள். மின்சார, எரிவாயு மீட்டர் இலக்கங்களைப் படம் எடுத்து வழங்குநருக்கு அனுப்புங்கள். புது ஊரில் குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதியவேண்டும். ஹம்மில் தனியாகப் பெயர் வெட்டத் தேவையில்லை, நாட்டை விட்டே போனால் தவிர. திறப்புகளை எண்ணிக் கொடுங்கள், அக்கா வீட்டில் கொடுத்து வைத்திருக்கிற திறப்பையும் சேர்த்து. கதவைச் சாத்துமுன் ஒருதரம் அவணைத் திறந்து பாருங்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும், மாச் சட்டி உள்ளே இருக்கும்.